உலாவி ஏன் நம் சான்றிதழை நம்ப மறுக்கிறது?

சொந்தக் கணினியில் ஒரு தளத்தை உருவாக்கிச் சோதிக்கும்போது, நாமே தயாரித்த சான்றிதழைக் கொடுத்தால் உலாவி எச்சரிக்கிறது. குறியாக்கத்தில் குறையொன்றும் இல்லை. பிறகு ஏன்?

இந்தப் பொதுச் சாவி இந்தத் தளத்துக்கு உரியது என்று ஒருவர் கையெழுத்திட்டுத் தருவதே சான்றிதழ். கையெழுத்திட்டவரோ அவருக்குச் சான்றளித்தவரோ, உலாவியோ இயங்குதளமோ வைத்திருக்கும் வேர்ச் சான்றிதழ் பட்டியலில் இருக்க வேண்டும். தனக்குத்தானே நன்னடத்தைச் சான்று எழுதிக்கொண்டு வருபவரை யார் ஏற்பார்கள்?

எச்சரிக்கையைத் தாண்டிப் போய்ப் பழகுவது ஆபத்து. நம் கணினியிலேயே ஒரு குட்டிச் சான்றளிப்பு அமைப்பை உருவாக்கி, அதன் வேரைப் பட்டியலில் சேர்த்து, அதன் கையெழுத்தோடு தளத்துக்குச் சான்றிதழ் வழங்குவதே சரியான வழி. எம்கேசெர்ட் என்ற இலவசக் கருவி இதை இரண்டே கட்டளைகளில் முடிக்கிறது. கையால் செய்வோர் பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். 2017இல் வந்த குரோம் 58 முதல், தளத்தின் பெயர் சான்றிதழின் 'மாற்றுப் பெயர்' பகுதியில் இருந்தாக வேண்டும்; பழைய 'பொதுப் பெயர்' பகுதியை அது பார்ப்பதே இல்லை.

வேரின் ரகசியச் சாவியை மட்டும் சக பணியாளருக்கும் கொடுக்காதீர்கள். அவரவர் கணினியில் அவரவர் உருவாக்கிக்கொள்ளட்டும். ஒரே சாவி பலரிடம் இருப்பதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம்: லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், எல்லாக் கணினிகளிலும் ஒரே வேரையும் ஒரே ரகசியச் சாவியையும் வைத்திருந்தது. 2015இல் அந்தச் சாவி வெளிப்பட்டபோது, அதை வைத்திருக்கும் எவரும் அந்தக் கணினிகளை ஏமாற்றி வங்கித் தளமாகவே நடிக்க முடியும் என்ற நிலை வந்தது.