வேளை அறிந்து இடும் உணவு

வீட்டில் வளர்க்கப்படும் உயிர்களுள் மனிதன் கையை முழுவதும் நம்பி வாழ்வது நாயே. பசு மேய்ச்சல் நிலத்துக்குச் சென்று புல் மேய்கின்றது. கோழி குப்பையைக் கிளறி இரை தேடுகின்றது. பூனை இரவில் எலி பிடித்துத் தின்கின்றது. வாயிலில் கட்டப்பட்ட நாய்க்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. எதை உண்பது, எவ்வளவு உண்பது, எப்பொழுது உண்பது ஆகிய மூன்றையும் அதற்காக வளர்ப்பவரே முடிவு செய்கின்றனர். முதல் இரண்டையும் பற்றிப் பலர் எண்ணிப் பார்க்கின்றனர். மூன்றாவதைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும், மூன்றாவது செவ்வனே அமைந்தால்தான் மற்ற இரண்டும் செவ்வனே அமையும்.

நாய்க்கு உணவிடுவதில் இருவகை வழக்கங்கள் உள்ளன. ஒன்று, தட்டு நிறையத் தீனியை வைத்துவிட்டு, நாய் விரும்பியபோதெல்லாம் உண்ணுமாறு விடுவது. இதனைத் திறந்த தட்டு முறை எனலாம். மற்றொன்று, குறித்த வேளையில் அளந்து உணவு வைத்து, சிறிது நேரத்துக்குப் பின் தட்டை எடுத்துவிடுவது. இதனை வேளை முறை எனலாம். முதல் முறையை மேற்கொள்வோர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத் தக்கன அல்ல. வீட்டார் அனைவரும் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவிட்டால், நாய் பகல் முழுவதும் பசித்திருக்குமே என்று அவர்கள் அஞ்சுகின்றனர். பசித்த உயிர் தன் தேவையறிந்து உண்ணும்; போதுமானபோது தானே நிறுத்திக்கொள்ளும் என்றும் கருதுகின்றனர். இஃது அன்பினால் எழுந்த எண்ணமே. எனினும், நாயின் இயல்போடு இது பொருந்துகின்றதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய்கள் கூட்டமாகச் சென்று மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடுவன. வேட்டை நாள்தோறும் கைகூடுவதில்லை. சில நாள் பட்டினி கிடந்த பின்னரே ஓர் இரை அகப்படலாம். அகப்பட்ட இரையையும் உடனே உண்ணாவிடில் கூட்டத்தின் பிற ஓநாய்கள் உண்டுவிடும். ஆதலின், கிடைத்தபோது வயிறு கொள்ளும் மட்டும் விரைந்து விழுங்குதலே ஓநாயின் வழக்கமாயிற்று. வளர்ந்த ஓநாய் ஒரே வேளையில் ஏறத்தாழ 9 கிலோகிராம் இறைச்சி வரை உண்ண வல்லது. பூனையின் மரபு வேறு. அது தனித்து வேட்டையாடுவது. எலி, சிறு பறவை போன்ற சிற்றிரைகளைப் பல முறை பிடித்து உண்பது. ஆகவே, தட்டிலுள்ள உணவை நாளெல்லாம் சிறிது சிறிதாகக் கொறிப்பது பூனைக்கு இயல்பாகின்றது. நாய் அவ்வாறு கொறிக்கப் பிறந்த விலங்கன்று.

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிய காலம் மிகப் பழையது. ஜெர்மனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காஸல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டில் ஒரு பழைய புதைகுழி காணப்பட்டது. அதில் மனிதர் இருவருடைய எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இந்நெடுங்கால உறவில் நாயின் உடல் மனிதனின் உணவுக்கு இணங்கி வந்தது. மாவுப்பொருளைச் செரிப்பதில் நாய் ஓநாயினும் மேம்பட்டது என்பதைக் காட்டும் மரபணு வேறுபாடுகளை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உணவு மாறிற்று, ஆனால், கிடைத்ததைக் கிடைத்தபோதே உண்டு தீர்க்கும் பழைய வேட்கை பல நாய்களிடம் மாறவில்லை. அளவறிந்து நிறுத்தும் நாய்களும் உண்டு. நிறுத்த இயலாதவையும் உண்டு. லாப்ரடார் இனத்து நாய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பசி தணிந்ததை உணர்த்தும் மரபணு ஒன்றில் குறையுடன் பிறக்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2016-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அத்தகைய நாய் பேராசை கொண்டதன்று. 'போதும்' என்னும் செய்தி அதன் மூளைக்குச் செவ்வனே எட்டுவதில்லை. அதன் முன் தட்டைத் திறந்து வைப்பது அதற்கு நன்மை செய்வதாகாது.

திறந்த தட்டு முறை பரவியதும் அண்மைக் காலத்திலேதான். முன்னாளில் வீட்டார் உண்டு எஞ்சிய சோறும் கஞ்சியும் எலும்புமே நாயின் உணவு. ஆதலால், வீட்டாரின் உணவு வேளையே நாயின் உணவு வேளையாகவும் இருந்தது. 1860-களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் நாய்களுக்கென்றே லண்டனில் பிஸ்கட்டு செய்து விற்றார். 1950-களில் மாவையும் இறைச்சிப் பொருளையும் சூட்டாலும் அழுத்தத்தாலும் பதப்படுத்தி, சிறு சிறு துண்டுகளாக்கும் இயந்திர முறை அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. ஈரமற்ற அத்தீனி விரைவில் கெடாது. நாளெல்லாம் தட்டில் கிடக்கக்கூடிய உணவு கிடைத்ததும், நாளெல்லாம் தட்டை நிறைத்து வைக்கும் வழக்கமும் எளிதாயிற்று.

உணவு வேளையை நாயின் உடல் அறியுமா? அறியும் என்பதை ரஷ்ய நாட்டு அறிஞர் இவான் பாவ்லோவின் ஆராய்ச்சிகள் விளக்குகின்றன. அவர் பீட்டர்ஸ்பர்க் நகரில் நாய்களின் செரிமானத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நாய் விழுங்கிய உணவு இரைப்பையை அடையாமல் தொண்டையிலிருந்தே வெளியேறுமாறு அவர் அறுவை செய்து பார்த்தார். உணவு இரைப்பையை அடையாதபோதும் அங்கே செரிமான நீர் சுரந்தது. உணவைக் காணும்போதும், அதனைக் கொண்டுவரும் பணியாளின் காலடி ஓசையைக் கேட்கும்போதும் உமிழ்நீர் சுரந்தது. உணவு வரப்போகின்றது என்று அறிந்தவுடனே உடல் அதனை ஏற்க முன்னேற்பாடு செய்துகொள்கின்றது என்பது இதனால் புலனாயிற்று. இவ்வுண்மைக்காக அந்நாய்கள் பட்ட துன்பம் சிறிதன்று. 1935-ஆம் ஆண்டில் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கென ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. நாள்தோறும் ஒரே வேளையில் உணவு பெறும் நாய் கடிகாரம் பாராமலே அவ்வேளையை அறிந்து வாயிலருகே வந்து நிற்பதை இன்றும் எந்த வீட்டிலும் காணலாம்.

வேளை முறையின் பெரும்பயன் அளவை அறிதலாகும். அளவின் சிறப்பை உணர்த்தும் ஓர் ஆராய்ச்சி அமெரிக்காவில் நடைபெற்றது. 48 லாப்ரடார் குட்டிகளை ஆராய்ச்சியாளர் 24 இணைகளாகப் பிரித்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு இட்ட உணவில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்து மற்றொன்றுக்கு இட்டனர். அவற்றின் வாழ்நாள் முழுவதும் இவ்வாறே செய்துவந்தனர். 2002-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மிகுதியாக உண்டவற்றின் இடைநிலை வாழ்நாள் 11.2 ஆண்டுகள், அளவோடு உண்டவற்றின் இடைநிலை வாழ்நாள் 13 ஆண்டுகள். மூட்டு வீக்கம் போன்ற முதுமை நோய்களும் பின்னவற்றுக்குக் காலந்தாழ்ந்தே வந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்பது மனிதர்க்குச் சிறு காலமாகத் தோன்றலாம். நாயின் வாழ்விலோ அஃது ஏழில் ஒரு பங்கு. தட்டில் கூடுதலாக விழும் ஒவ்வொரு கைப்பிடியும் அப்பங்கிலிருந்தே கழிகின்றது. அளந்து வைப்பவர்க்கே அளவு தெரியும். குறையுந்தோறும் நிரப்பப்படும் தட்டில் அளவைக் காண்பது அரிது.

வேளைக்கு வைக்கும் தட்டு மற்றொரு பணியும் செய்கின்றது. அது நாயின் உடல்நிலையைத் தெரிவிக்கின்றது. நாய் தன் நோயை வாய்விட்டுச் சொல்ல இயலாது. உண்ணிக் காய்ச்சல் முதலிய பல நோய்களில் முதலில் தோன்றும் குறி உணவில் விருப்பமின்மையே. நாள்தோறும் காலை ஏழு மணிக்குத் தட்டை வழித்து நக்கும் நாய் ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் சென்றால், வீட்டார் அன்றே விழிப்படைவர், மருத்துவரிடம் கொண்டுசெல்வர். திறந்த தட்டில் உணவு குறையாதிருப்பதை உணர இரண்டு மூன்று நாள் கழிந்துவிடலாம். ஒரே வீட்டில் இரு நாய்கள் இருப்பின், எது உண்டது, எது உண்ணவில்லை என்பதும் தெரியாது. வலியது மிகுதியாக உண்டு பருக்க, எளியது அரைவயிற்றோடு மெலியக்கூடும்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் வேறு தீமையும் உண்டு. தயிர்ச்சோறும் இறைச்சியும் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். உலர்ந்த தீனியும் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். எறும்பும் காகமும் தட்டை மொய்க்கும். இரவில் எலிகள் வரும். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக் காய்ச்சல் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். நாய்க்கென்று வைத்த தட்டு வீட்டுக்கே நோயை அழைக்கும் வாயிலாகிவிடக்கூடும்.

எத்தனை வேளை உணவிடுவது? இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை இடலாம். ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர்க் காலை மாலை என இரண்டு வேளையும் போதும். குட்டிகள் உண்ட சிறிது நேரத்தில் மலங்கழிப்பது இயல்பு. ஆதலால், வேளையறிந்து உணவிட்டு, உடனே வெளியே அழைத்துச் சென்றால் அவை தூய்மைப் பழக்கத்தை எளிதிற் கற்றுக்கொள்ளும். ஒரு நாளைய உணவு முழுவதையும் ஒரே வேளையில் இடுதல் நன்றன்று. கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புடைய பெருநாய்கள் ஒரே வேளையில் மிகுதியாகவும் விரைவாகவும் உண்டால், இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் கொடிய நோய்க்கு உள்ளாகும் வாய்ப்பு மிகும்.

இம்முறைக்கு விலக்குகளும் உண்டு. குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய்நாய்க்கு உணவுத் தேவை பன்மடங்கு பெருகும். அது விரும்பும்போதெல்லாம் உண்ண விடுதலே நன்று. மிகச் சிறிய இனத்துக் குட்டிகள் நெடுநேரம் பசித்திருந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கிவிடும். அவற்றுக்கு அடிக்கடி சிறிது சிறிதாக ஊட்டுதல் வேண்டும். நோயுற்ற நாய்க்கு மருத்துவர் கூறுவதே முறையாகும்.

திறந்த தட்டுக்குப் பழகிய, உடல்நலமுள்ள வளர்ந்த நாயை வேளை முறைக்குக் கொண்டுவருவது கடினமன்று. குறித்த வேளையில் அளந்த உணவை வைத்து, கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்குப் பின் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். முதல் ஓரிரு நாள் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அப்பொழுது மனமிரங்கிப் பிஸ்கட்டும் பலகாரமும் கொடுத்தால் முயற்சி வீணாகும். சில நாட்களில் அது வேளையை உணர்ந்துகொள்ளும். இரண்டு நாளுக்கு மேலும் உண்ணாதிருப்பின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவு சரியா என்பதைக் கையாலேயே அறியலாம். விலாவைத் தடவும்போது எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தோன்றலாகாது. தண்ணீர் மட்டும் எந்நேரமும் குறையாமல் இருத்தல் வேண்டும்.

முன்னர் உண்டது செரித்தபின் அளவோடு உண்பதே உடலுக்கு மருந்து எனத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மனிதர்க்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரையைத் தானே கற்றுக் கடைப்பிடிக்க நாயால் இயலாது. அதன் பொருட்டு அதனை வளர்ப்பவரே கடைப்பிடித்தல் வேண்டும். தட்டை நிரப்பிவிட்டுச் செல்லுதல் எளிது. நாள்தோறும் இருமுறை அதன் அருகில் நின்று, அளந்து வைத்து, அஃது உண்பதைப் பார்த்திருக்கச் சிறிது நேரமும் பொறுமையும் வேண்டும். பள்ளிக்குச் செல்லுமுன் ஒரு முறையும், திரும்பி வந்தபின் ஒரு முறையும் இப்பணியை மேற்கொள்ளும் மாணவர், தம்மை நம்பி வாழும் உயிரின் வாழ்நாளை நீட்டித்தவராவர்.