கழுதை நடந்த பாதையில் காலை ஓட்டம்! - பிரான்ஸ் மலைக்கிராமங்களில் ஒரு சுற்று

மேலே ஒரு வெள்ளைக்கோடு, கீழே ஒரு சிவப்புக்கோடு. பிரான்ஸின் கிராமப்புறங்களில் ஓடுகிறவர்களுக்கு வழிகாட்டி இதுதான். மரத்தில், பாறையில், மின்கம்பத்தில், பழைய வீட்டுச் சுவரில் என்று எங்கே வேண்டுமானாலும் இந்தக் கோடுகள் இருக்கும். கோட்டுக்குக் கீழே அம்புபோல வளைவு இருந்தால் அங்கே திரும்ப வேண்டும். இரண்டு கோடுகளும் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டினால், 'இந்தப் பக்கம் வராதே' என்று அர்த்தம். மொத்தப் பாடமே இவ்வளவுதான். செல்போன் சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கில்கூட இந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஜி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நெடுந்தூரப் பாதைகள் 1947-ல் தொடங்கின. நடப்பவர்களுக்காகத்தான் போட்டார்கள். ஓடுகிறவர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஊரில் தொடங்கி அதே ஊரில் முடியும் சிறிய சுற்றுகளுக்கு ஒற்றை மஞ்சள் கோடு. முதன்முதலாக மலையில் ஓடிப் பார்க்க நினைப்பவர்கள் அந்த மஞ்சள் கோட்டோடு தொடங்குவதுதான் நல்லது. இந்தக் கோடுகளை வரைவதும், மழையில் மங்கினால் மறுபடி தீட்டுவதும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

65 ஃபிராங்க்... ஒரு கழுதை!

இத்தனை பாதைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தென் பிரான்ஸின் செவென் மலைகளில் செல்லும் ஜி.ஆர். 70-ஐச் சொல்லலாம். 'ட்ரஷர் ஐலேண்ட்' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் பெயரில் அமைந்த பாதை அது. 1878 செப்டம்பரில், இன்னும் பெரிய எழுத்தாளர் ஆகாத 27 வயது இளைஞராக அவர் இங்கே வந்தார். மூட்டையைச் சுமக்க ஒரு கழுதை வாங்கினார். விலை 65 ஃபிராங்க், கூடவே ஒரு கிளாஸ் பிராந்தி. கழுதைக்கு மோதஸ்தீன் என்று பெயர் வைத்தார். 12 நாள்கள் அதை இழுப்பதும் கெஞ்சுவதுமாக நடந்து, கடைசியில் 35 ஃபிராங்குக்கு விற்றுவிட்டார். கழுதையை விற்ற பிறகுதான் அழுகை வந்ததாம். அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகம் அடுத்த வருடமே வெளியானது. 2020-ல் இதே பாதையைக் களமாக வைத்து ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படம் வந்தது. நாயகியாக நடித்த லோர் காலமிக்கு, பிரான்ஸின் உயரிய திரைப்பட விருதான சேசார் கிடைத்தது. படத்தில் அவரோடு சரிசமமாக நடித்தது ஒரு கழுதை என்பதையும் சொல்லியாக வேண்டும்!

இன்றைய ஜி.ஆர். 70, லெ ப்யூய் நகரில் தொடங்கி அலெஸ் நகரில் முடிகிறது. சுமார் 270 கிலோமீட்டர். நடப்பவர்கள் 12, 13 நாள்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஓடுகிறவர்கள் அதில் பாதி நாள்களில் முடித்துவிடலாம். பையைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியதில்லை. காலையில் விடுதியில் விட்டுவிட்டால், வேனில் ஏற்றிப்போய் அடுத்த ஊர் விடுதியில் சேர்த்துவிடும் சேவைகள் இருக்கின்றன. மோதஸ்தீனின் வேலையை இப்போது வேன் பார்க்கிறது. 'ஜீத்' என்று அழைக்கப்படும் இந்தச் சிறு விடுதிகளில், அன்று யார் வந்திருந்தாலும் ஒரே மேஜையில் உட்காரவைத்து இரவுச் சாப்பாடு போடுவது வழக்கம்.

பாதையின் உச்சம் லோசேர் மலை. 1,699 மீட்டர். மேலே மரம் கிடையாது. புல்லும் கிரானைட் பாறையும் காற்றும்தான். வழிநெடுக ஆள் உயரக் கல்தூண்கள் நிற்கின்றன. மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் வழி தெரிவதற்காக அந்தக் காலத்தில் நட்டுவைத்தவை. மலைச்சரிவின் குக்கிராமங்களில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 'பனிப்புயல் மணிக்கூண்டு' என்று அதற்குப் பெயர். புயல் அடிக்கும்போது அந்த மணியை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே வழிதவறியவர், சத்தம் வரும் திசையில் நடந்து உயிர் பிழைக்க வேண்டும். அந்த மணிக்கூண்டுகள் சில இப்போதும் இருக்கின்றன.

கீழே இறங்கினால் காட்சி மாறிவிடும். சரிவு முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். ஒரு காலத்தில் இவற்றில் கஷ்கொட்டை மரங்களும் மல்பெரியும் நின்றன. தானியம் விளையாத மலையில் கஷ்கொட்டைதான் ஏழைகளின் சாப்பாடு என்பதால், அதை 'ரொட்டி மரம்' என்றே அழைத்தார்கள். மல்பெரி, பட்டுப்புழுவுக்கு. 19-ம் நூற்றாண்டில் பட்டுப்புழு நோய் வந்து தொழிலை முறித்தபோது, அதை ஆராய 1865-ல் அலெஸுக்கு அனுப்பப்பட்டவர் லூயி பாஸ்டர். நோய்க்கு அவர் வழி கண்டுபிடித்தார். ஆனாலும் மக்கள் மலையைவிட்டு இறங்குவது நிற்கவில்லை. லோசேர் மாவட்டத்தில் இன்று சுமார் 76,000 பேர்தான். பிரான்ஸின் பெருநிலப்பகுதியில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் இது. மணிக்கணக்கில் ஓடியும் எதிரே ஒருவரும் வராமல் இருப்பதன் காரணம் இந்த வரலாறுதான்.

20 கிலோமீட்டர் எப்படி 30 ஆகிறது?

தட்டையான சாலையில் ஓடிப் பழகியவர்களை முதலில் ஏமாற்றுவது தூரம். மலை ஓட்டத்தில் தூரத்தைவிட ஏற்றம்தான் கணக்கு. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். 20 கிலோமீட்டர் பாதையில் மொத்தம் 1,000 மீட்டர் ஏற்றம் என்றால், அது 30 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமமான உழைப்பு. செங்குத்தான இடங்களில் தேர்ந்த வீரர்களே தொடையில் கையை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில் கால்களைப் பதம் பார்ப்பது இறக்கம். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும்!

போட்டி வேண்டும் என்பவர்களுக்கும் குறைவில்லை. லோசேரில் 1973 முதல் ஜூலை மாதத்தில் நடக்கும் மார்வெஜோல் - மாந்த் ஓட்டம், அரை மாரத்தானைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஆனால், நடுவே இரண்டு மலைகள், தலைக்கு மேல் கோடை வெயில். அக்டோபரில் மியோ நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் 'டெம்ப்ளியே' ஓட்டம், 1995-ல் தொடங்கியது. டிசம்பர் குளிரில், நள்ளிரவில் நெற்றிவிளக்கோடு சான்தெத்தியெனிலிருந்து லியோனுக்கு ஓடும் 'சான்தெலியோன்' 1952-லேயே பிறந்துவிட்டது.

நாய் வந்தால் ஓடாதே!

அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. 1992-ல் இத்தாலியிலிருந்து ஓநாய்கள் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக்குத் திரும்பின. ஆடுகளைக் காக்க, மேய்ப்பர்கள் 'பாத்தூ' என்ற பெரிய வெள்ளை நாய்களை மந்தையோடு விடத் தொடங்கினார்கள். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளரும் நாய் அது. மந்தையை நோக்கி வேகமாக ஓடிவரும் எதுவும் அதன் கண்ணுக்கு எதிரிதான். தூரத்தில் ஆடுகள் தெரிந்தாலே ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். மந்தையைத் தள்ளிச் சுற்றிப்போக வேண்டும். நாய் குரைத்துக்கொண்டே வந்தால் கம்பை ஓங்கக் கூடாது. கண்ணோடு கண் முறைக்கக் கூடாது. அமைதியாகப் பேசியபடி மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பை இருந்தால் அதை நடுவில் பிடித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த மாதங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை அவசியம். வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். அவசர உதவிக்கு 112.

பாதை யாருடையது?

நாய்க்கும் துப்பாக்கிக்கும் ஒதுங்கிவிடலாம். பாதையே காணாமல் போனால்?

பிரான்ஸில் பழைய வண்டிப்பாதைகள் பலவும் 'கிராமப் பாதை' என்ற வகையில் வருகின்றன. பொதுமக்கள் நடக்கலாம். ஆனால், சட்டப்படி அது கிராம நிர்வாகத்தின் தனிச்சொத்து. பொதுச்சாலைக்கு இருக்கும் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. யாரும் நடக்காமல் புதர் மண்டிய பாதையைப் பக்கத்து நிலக்காரர் தன் நிலத்தோடு சேர்த்து உழுது, 30 வருடங்கள் யாரும் கேட்காமல் அனுபவித்துவிட்டால், அதைத் தனக்கே சொந்தம் என்று கோரலாம். நம் ஊரில் வண்டிப்பாதை வரப்பான கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கிராம சபை தன் பாதைகளைக் கணக்கெடுக்க முடிவு செய்தால், அந்த 30 வருடக் கணக்கு நிறுத்திவைக்கப்படும் என்று 2022-ல் ஒரு சட்டம் வந்தது. ஓடுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி.

அடுத்த வருடமே நிலைமை சிக்கலானது. காட்டு விலங்குகள் நடமாட முடியாதபடி பெரிய எஸ்டேட்காரர்கள் உயர வேலி போடுவதைத் தடுக்க, 2023 பிப்ரவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேலியின் உயரம் 1.20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால், வேலியைக் குறைக்கும் நிலக்காரர்களைச் சமாதானப்படுத்த, அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் சேர்ந்தது. தனியார் நிலம் என்று பலகை வைத்த இடத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் அபராதம்! விளைவு, ஷார்த்ரூஸ் மலையில் இயற்கைக் காப்பகத்துக்குள் பல நூறு ஹெக்டேர் நிலம் வைத்திருக்கும் ஒருவர், 2023-லேயே தடைப் பலகைகளை நட்டுவிட்டார். காலம்காலமாக அங்கே ஏறி இறங்கிய உள்ளூர் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மானும் பன்றியும் தாராளமாகப் போகலாம், மனிதர்கள் போகக் கூடாதா என்ற அவர்களின் கோபம் நியாயமானதுதான்.

சிவப்பு, வெள்ளைக் கோடுகளும் இந்தச் சிக்கலுக்கு வெளியே இல்லை. ஜி.ஆர். பாதைகள் தனியார் நிலத்தின் வழியே செல்லும் இடங்களில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவர் மனம் மாறினால், தன்னார்வலர்கள் பெயின்ட் டப்பாவோடு வந்து பழைய கோடுகளை மறைத்துவிட்டு, வேறு வழியில் புதிதாக வரைகிறார்கள். அந்த மாற்றுவழி சில இடங்களில் கார்கள் ஓடும் தார்ச்சாலையாக இருக்கிறது.