பொன்னொளிக்குப் பின்னே ஒரு புகை

அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் விற்பனைக் கூடங்களிலும் காண்போரைத் தம்பால் ஈர்த்து நிறுத்தும் கலைப்பொருள்களுள் ஒன்று, பிரெஞ்சு நாட்டின் பழைய மாடக் கடிகாரம். கீழே வெண்பளிங்குப் பீடம். அதன் மேல் பொன்னாய் மின்னும் வெண்கல உருவங்கள். நடுவே வெள்ளை எனாமல் முகப்பு. குளிர் மிகுந்த அந்நாட்டில், அறையைச் சூடாக்கும் கணப்புக்கு மேலுள்ள மாடத்தை அணிசெய்யவே இக்கடிகாரங்கள் படைக்கப்பட்டன.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நகரமே இத்தொழிலின் தாயகமாய் விளங்கிற்று. பியர்-பிலிப் தோமீர் (1751-1843) போன்ற வெண்கலக் கலைஞர்கள் மன்னர் மாளிகைகளுக்கே பொருள் செய்தளித்தனர். எனினும், ஒரு கடிகாரம் ஒருவர் கையால் மட்டும் உருவாவதன்று. வார்ப்பவர், உளியால் நுணுக்கம் சேர்ப்பவர், பளிங்கு அறுப்பவர், எனாமல் இடுபவர், இயந்திரம் அமைப்பவர், முலாம் பூசுபவர் எனப் பலருடைய உழைப்பு அதில் அடங்கியுள்ளது. முகப்பில் இடம்பெறுவதோ பெரும்பாலும் கடிகாரக்காரரின் பெயர்தான். முலாம் பூசியவரின் பெயரை யாரும் அறியார். ஆனால், மிகுந்த விலை கொடுத்தவர் அவரே!

அக்கால முலாம் முறை இது: ஒரு பங்கு பொன்னுடன் ஏறத்தாழ எட்டுப் பங்கு பாதரசத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், வெண்ணெய் போன்ற கலவை கிடைக்கும். அதை வெண்கலத்தின் மீது கம்பித் தூரிகையால் பூசி, கரி நெருப்பில் காட்டுவர். பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் மட்டும் உலோகத்துடன் ஒட்டி நிற்கும். பின்னர் வழுவழுப்பான கல்லால் தேய்த்து, வேண்டிய இடங்களில் மட்டும் மெருகேற்றுவர். ஒரே உருவத்தில் ஓரிடம் பளபளப்பாகவும் மற்றோரிடம் மங்கலாகவும் தோன்றும் அழகு இவ்வாறு பிறந்ததே.

ஆவியாய்ப் போன பாதரசம் எங்கே சென்றது? நெருப்பருகே குனிந்திருந்த தொழிலாளியின் மூச்சில் கலந்தது. கை நடுக்கம், ஈறுகளில் புண், பற்கள் உதிர்தல் என அந்நஞ்சு அவரைச் சிறிது சிறிதாக அழித்தது. நடுங்கத் தொடங்கிய கைக்கு நுண்ணிய தொழிலில் இடமேது?

இத்துயரைக் கண்டு மனம் நெகிழ்ந்தவர், அத்தொழிலால் செல்வம் ஈட்டிய ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது. பேரரசர் நெப்போலியனின் மாளிகைகளுக்கு வெண்கலப் பொருள்களை அளித்த ஆந்த்ரே-ஆந்துவான் ராவ்ரியோ, 1814-இல் மறைந்தார். முலாம் பூசுவோரைப் பாதரசத்தின் தீங்கிலிருந்து காக்க வழி காண்பவருக்கு 3,000 பிராங்க் பரிசளிக்க வேண்டுமெனத் தம் உயிலில் அவர் எழுதி வைத்திருந்தார். பிரெஞ்சு அறிவியல் கழகம் 1818-இல் அப்பரிசை வேதியியல் அறிஞர் தார்சேக்கு வழங்கியது. அவர் கண்ட வழி எளியது. புகைபோக்கியைத் தனியொரு சிறு அடுப்பால் சூடாக்கினால், காற்று விரைந்து மேலெழும். நச்சாவியையும் தன்னுடன் இழுத்துச் செல்லும்.

1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின், பாதரசமின்றியே பொன்முலாம் பூசும் வழி பரவலாயிற்று.

இத்தகைய கடிகாரம் எவரிடமேனும் இருப்பின், பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவது போல் புளியோ பாலிஷோ இட்டுத் தேய்த்தல் கூடாது. முலாம் மிக மெல்லியது. ஒருமுறை தேய்ந்தால் மீளாது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுவதே போதுமானது. இடம் மாற்றும்போது ஊசலைக் கழற்றிவிடுதல் நலம்.

தேய்த்து அழிக்கப்படுவது பொன் மட்டுமன்று. பெயர் பொறிக்கப்படாத ஒரு மனிதர் தம் உடல் நலத்தை ஈடாக வைத்துச் செய்த வேலையும்தான். அழகிய பொருளைக் காணும்போது, ‘இதன் விலை என்ன?’ என்று கேட்கிறோம். ‘இதைச் செய்த கை என்னவாயிற்று?’ என்றும் கேட்கப் பழகுவோமாக. ராவ்ரியோ கேட்டார், அதனால் பல கைகள் நடுங்காமல் காக்க ஒரு வழி பிறந்தது.