அமெரிக்கப் பாட்டி

அமெரிக்கா என்றவுடன் நமக்கு வானளாவிய மாளிகைகளும், மோட்டார் வண்டிகளும், சினிமா நட்சத்திரங்களுமே நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டார் தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் என்ன சமைத்து உண்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாக விசாரிப்பதில்லை. ஒரு தேசத்தின் வரலாற்றில் பாதி அதன் சமையலறையில் அடங்கிக் கிடக்கிறது என்பதற்கு, அவர்கள் விரும்பி உண்ணும் ஒரு பண்டமே சாட்சி கூறும்.

அதன் பெயர் 'பாட்டி மெல்ட்'. பெயரைக் கேட்டு நம் வீட்டுப் பாட்டிமார்கள் கலங்க வேண்டாம். கொத்துக்கறியை வடை போல் தட்டினால் அதற்கு அங்கே 'பாட்டி' என்று பெயர். 'மெல்ட்' என்றால் உருகுதல். இரண்டு ரொட்டித் துண்டுகளின் நடுவே அந்தக் கறி வடையையும், பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தையும், சீஸ் என்னும் பாலாடைக் கட்டியையும் வைத்து, சீஸ் உருகும்படி கல்லில் வாட்டி எடுப்பதே இப்பண்டம். ஒன்று உண்டால் ஒரு வேளைப் பசி தீர்ந்துவிடும்.

புலால் உண்ணாத குடும்பத்தார் இக்கட்டுரையைத் தாண்டிப் போய்விட வேண்டியதில்லை. சமையல் முறை அவர்களுக்கு உபயோகப்படாவிட்டாலும், அதனுள் அடங்கிய கதை எல்லாருக்கும் உரியது.

ரொட்டித் துண்டுகளுக்கிடையே கறியை வைத்து உண்பதற்கு 'ஸாண்ட்விச்' என்று பெயர் வந்தது இங்கிலாந்தில். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகுவின் பட்டப் பெயர் அது. சரித்திராசிரியர் எட்வர்ட் கிப்பன் தமது 1762-ஆம் வருஷத்து நாட்குறிப்பிலேயே இச்சொல்லை எழுதியிருக்கிறார். பாட்டி மெல்ட்டோ மிகப் பிந்தியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உணவுச்சாலை நடத்திய டைனி நெய்லர் என்பவரே இதனைப் பிரபலமாக்கினார் என்று சொல்வது வழக்கம். இரண்டாவது மகாயுத்தத்தின்போது, 1943 மார்ச் முதல், அமெரிக்காவில் இறைச்சிக்கும் சீஸுக்கும் வெண்ணெய்க்கும் 'ரேஷன்' ஏற்பட்டிருந்தது. அந்தக் கெடுபிடி நீங்கியபின், மூன்றையும் தாராளமாகச் சேர்த்து உண்ட ஜனங்களின் மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று யந்திரங்கள்

இந்தப் பண்டத்தின் மூன்று முக்கியப் பொருள்களிலும் யந்திரம் தன் கையை வைத்திருக்கிறது.

முதலாவது ரொட்டி. 1928-ஆம் வருஷம் ஜூலை 7-ஆம் தேதி, மிஸ்ஸௌரி மாகாணத்துச் சில்லிகாத்தி என்னும் ஊரில், ஆட்டோ ரோவெடர் என்பவர் அமைத்த யந்திரத்தால் சீராக அறுத்த ரொட்டி விற்பனைக்கு வந்தது. பதினைந்து வருஷத்துக்குள் இல்லத்தரசிகள் ரொட்டிக் கத்தியை மறந்தே போயினர் எனலாம். யுத்தச் சிக்கனத்தை முன்னிட்டு, 1943 ஜனவரி 18 முதல் அறுத்த ரொட்டி விற்கலாகாது என்று சர்க்கார் தடை போட்டது. உடனே ஜனங்களிடம் பெருங் கூக்குரல் எழுந்தது. மார்ச் 8-ஆம் தேதி தடையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பின்வாங்காத சர்க்கார், ரொட்டிக் கத்திக்குப் பின்வாங்கிற்று!

இரண்டாவது சீஸ். நாட்பட முதிர்ந்த சீஸைச் சுட வைத்தால் நெய் தனியாகவும் கட்டி தனியாகவும் பிரிந்துவிடும். 1911-இல் ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஷ்டெட்லர் என்னும் இருவர், ஒரு வகை உப்பைச் சேர்த்துக் காய்ச்சினால் அவ்விதம் பிரியாது என்று கண்டனர். 1916-இல் சிக்காகோ வியாபாரி ஜேம்ஸ் கிராஃப்ட், சீஸைக் காய்ச்சிக் கிளறிப் பதனிடும் வேறொரு முறைக்கு 'பேடண்ட்' உரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கும் 'பிராஸஸ்ட்' சீஸ் இந்த வமிசத்தில் வந்ததே.

மூன்றாவது இறைச்சி. இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கண் காணாத இறைச்சி

1906-இல் அப்டன் ஸின்க்ளேர் 'தி ஜங்கிள்' என்ற நாவலை வெளியிட்டார். சிக்காகோ இறைச்சிச் சாலைகளில் உழைத்த ஏழைத் தொழிலாளரின் துயரத்தைச் சொல்வதே அவர் நோக்கம். ஜனங்களோ தொழிலாளியின் கண்ணீரைக் காட்டிலும் தங்கள் தட்டில் விழும் அசுத்தத்தை எண்ணியே அதிகம் பதறினார்கள். அவ்வருஷம் ஜூன் 30-ஆம் தேதி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டம் வந்தது, ஆபத்து முற்றும் ஒழியவில்லை. 1993-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சரியாக வேகாத கொத்துக்கறி வடைகளை உண்ட 700 பேருக்கு மேல் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் மாண்டனர். அவ்வடைகளில் இருந்தது 'ஈ. கோலி' என்னும் கிருமியின் கொடிய வகை ஒன்று. மறு வருஷமே, அக்கிருமி கலந்த கொத்துக்கறியை விற்பனைக்கு உதவாத கலப்படப் பண்டமாகச் சர்க்கார் அறிவித்தது.

துண்டுக் கறியில் இல்லாத ஆபத்து கொத்துக்கறியில் ஏன்? துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். கல்லின் சூடு பட்டதும் அழிந்துவிடும். கொத்தும்போது மேற்புறம் உட்புறமாகிவிடுகிறது. பெரிய யந்திரசாலையில் ஒரே கலவையில் பல மாடுகளின் இறைச்சி சேரக்கூடும். அவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் எல்லாவற்றிலும் அது பரவிவிடும்.

ஆகவே, அறுத்த ரொட்டியையும் பதனிட்ட சீஸையும் கடையிலே வாங்கிக்கொள்ளலாம், குறைவில்லை. கறியைக் கொத்துவதை மட்டும் நம் கண் முன்னே வைத்துக்கொள்வது நலம். 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைத் தொடங்கியபோது, தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா அதனைத் திறம்பட நடத்தினார். கைக்குத்தல் அரிசியையும் செக்கு எண்ணெயையும் அச்சங்கம் வற்புறுத்தியது. புலால் உண்ணாத காந்தியடிகளைக் கறிக் கடைக்கு இழுப்பதாக யாரும் கோபிக்க வேண்டாம். உண்ணும் பொருள் எவ்விதம் தயாராகிறது என்பதை உண்பவன் அறிந்திருக்க வேண்டும் என்ற கொள்கை எந்த உணவுக்கும் பொருந்தும்.

செய்முறை

இருவருக்கு வேண்டியவை: கறி 300 கிராம், பெரிய வெங்காயம் 2, ரொட்டித் துண்டு 4, சீஸ் வில்லை 4, வெண்ணெய் 3 மேஜைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். அமெரிக்கர் மாட்டிறைச்சியை உபயோகிப்பார்கள், ஆட்டுக்கறியிலும் செய்யலாம். கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் வடை வறண்டு போகாது. ரொட்டி அங்கே 'ரை' என்னும் தானிய மாவில் செய்தது; கெட்டியான கோதுமை ரொட்டியும் உதவும்.

கறியைச் சிறு துண்டுகளாக்கி, அரை மணி நேரம் உறைபெட்டியில் குளிர வைத்து, பிறகு கொத்தவோ அரைக்கவோ வேண்டும். குளிர்ந்திருந்தால்தான் கொழுப்பு குழையாமல் இருக்கும். வீட்டில் வசதி இல்லாதவர்கள், நல்ல துண்டாகப் பார்த்துத் தேர்ந்து, கடைக்காரரைத் தங்கள் எதிரிலேயே கொத்தித் தரச் சொல்லலாம். கொத்திய கறியை அன்றே சமைத்துவிடுவது உத்தமம். பச்சைக் கறி பட்ட பலகை, கத்தி, கை மூன்றையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வேறு வேலையைத் தொடவேண்டும்.

வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில், சிறு தீயில், அரை மணி நேரம் வதக்குக. இங்கே அவசரப்பட்டால் வெங்காயம் கருகுமேயன்றி இனிக்காது.

கறியில் உப்பும் மிளகும் சேர்த்து, ரொட்டியைவிடச் சற்று அகலமாக இரண்டு வடைகள் தட்டுக, வேகும்போது சுருங்கும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம் வேகவிடுக. கறியும் ரொட்டியும் சிவந்து மணப்பதன் ரசாயனத்தை 1912-இல் விளக்கியவர் லூயி மையார் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வடையின் நடுவிலே 71 டிகிரி ஸெண்டிகிரேட் சூடு ஏறியிருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கல்லைத் துடைத்துவிட்டு, ரொட்டிகளின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவுக. ரொட்டி, சீஸ், வெங்காயம், வடை, மறுபடியும் சீஸ், அதன்மேல் ரொட்டி என்று அடுக்குக. சீஸ் இருபுறமும் இருந்தால்தான் உருகிப் பசையாகப் பிடித்துக்கொள்ளும். பனீர் இதற்கு ஆகாது. அது சூட்டில் உருகுவதில்லை. தீயைத் தணித்து, மூடியிட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் வாட்டுக. தீ மிகுந்தால் சீஸ் உருகுவதற்கு முன் ரொட்டி கரிந்துவிடும். ஒரு நிமிஷம் ஆறவிட்டுக் குறுக்கே அறுத்துப் பரிமாறலாம்.

'யார் வெட்டிய கறி? எப்போது வெட்டியது?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும்போது இளைஞர்கள் சிரிப்பதுண்டு. அந்தக் கேள்வியைச் சட்டமாக்க அமெரிக்காவுக்கு ஒரு நாவல் வேண்டியிருந்தது. அதைக் கடுமையாக்க நான்கு குழந்தைகளின் உயிர் வேண்டியிருந்தது. ஆகையால் அமெரிக்கப் பாட்டியைக் கல்லில் போடுமுன், நம் வீட்டுப் பாட்டியை அழைத்துக் கறியை ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.