பைக்கை ரயிலில் அனுப்பும் முன்

படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, பெங்களூரு என்று கிளம்பும் நம் பிள்ளைகள் வீட்டில் நிற்கும் பைக்கையும் கொண்டுபோக ஆசைப்படுகிறார்கள். இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். ரயிலில் அனுப்புங்கள்.

பிள்ளையும் அதே ரயிலில் போனால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம், இல்லையென்றால் பார்சல். பார்சல் இடம் இருக்கும்போதுதான் ஏறும், தாமதமாகலாம். இரண்டு நிமிடம் மட்டும் ரயில் நிற்கும் ஊரில் பைக்கை ஏற்றுவது சிரமம். ஆகவே முதல் நாளே பார்சல் ஆபீஸில் விசாரியுங்கள்.

ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். "கொஞ்சம் இருந்தால் என்ன" என்று சமாளிக்க வேண்டாம். மூடிய பெட்டியில் பெட்ரோல் ஆவி தீப்பிடித்தால் ரயிலில் உள்ள எல்லோருடைய உயிருக்கும் ஆபத்து. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, டேங்குக்கும் ஹெட்லைட்டுக்கும் அட்டை வைத்து, சாக்கு சுற்றித் தையுங்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டுங்கள்.

படிவத்தில் வண்டியின் மதிப்பைச் சிலர் குறைத்து எழுதுகிறார்கள். அது பொய். சேதமானால் இழப்பீடும் அந்த அளவுக்குத்தான். போய்ச் சேர்ந்ததும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள், வாடகை ஏறும்.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருக்குமானால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை.