வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘எந்த கட்டிங் மெஷின் வாங்கலாம்?’ என்று கேட்டால்

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் தறிகளில் நெய்வது பேண்டேஜ் துணி. தளவாய்புரத்தில் நைட்டி. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருந்து துணி அனுப்பும் உங்களிடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்கலாம்: “துணியை ரோலாகவே அனுப்புங்க, நாங்க வெட்டிக்கிறோம். எந்த மெஷின் வாங்கலாம்?”

உடனே விலைப்பட்டியலை அனுப்பிடாதீங்க. தப்பான மெஷினில் வெட்டி ஓரம் பிசிறடித்தால், அவர் குறை சொல்லப்போவது மெஷினை அல்ல, உங்க துணியை. அடுத்த ஆர்டரும் போயிடும்.

முதலில் என்ன துணி, என்ன பொருள் என்று கேளுங்க. பேண்டேஜ் துணியில் இழை நெருக்கம் குறைவு. அடுக்கி வைத்து வெட்டினால் அடுக்கு நகர்ந்து அளவு மாறும். அதைக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, வட்டக் கத்தி உள்ள ரோல் கட்டிங் மெஷினில் 5, 7.5, 10, 15 செ.மீ. அகலத்துக்கு வெட்டுவதுதான் சரி.

நைட்டி மாதிரி தைக்கிற துணிக்கு, விரித்து அடுக்கி, நேர்க்கத்தி மெஷினால் வெட்டலாம். 8 இன்ச் கத்தி 8 இன்ச் உயரம் வெட்டும் என்று பலர் நினைக்கிறாங்க. அடுக்கு அதைவிட சுமார் 2 இன்ச் குறைவாக இருக்கணும். கையில் பிடிக்கும் வட்டக் கத்தி, சில அடுக்கை நேராக வெட்ட மட்டுமே. வளைவில் திருப்பினால் மேல் துண்டும் அடித்துண்டும் ஒரே அளவில் வராது. பாலியஸ்டர் என்றால் இன்னொரு தொல்லை: கத்திச் சூட்டில் ஓரங்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். அடுக்கைக் குறைத்து, வேகம் குறைக்க வசதியுள்ள மெஷினாகப் பார்க்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் கட்டிங், தினமும் பெரிய அளவில் வெட்டுபவருக்குத்தான். சின்ன யூனிட்டுக்கு அது வீண் செலவு.

அடுத்து கரண்ட். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் அமீரகத்திலும் இதேதான். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் மோட்டார் அங்கே ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாக ஓடும். கத்தி சீக்கிரம் சூடாகும். மெஷினின் நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி, அவர் ஊர் கரண்டுக்குப் பொருந்துதா என்று கேட்டுக்கோங்க.

உங்க துணியில் ரெண்டு மீட்டரை மெஷின் விற்பவரிடம் கொடுத்து, வெட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் பாதிப் பேச்சு முடிந்தது.

மெஷினையும் நீங்களே வாங்கி ஏற்றுமதி செய்வதானால், உங்க பான் எண்ணில் உள்ள ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு (ஐஇசி) போதும். துணிக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று என்று கிடையாது. துணி வெட்டும் மெஷின் 8451 50 என்ற சுங்கத் தலைப்பில் வரும். புதிதாக ஐஇசி எடுக்க டிஜிஎஃப்டி தளத்தில் கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், விவரத்தை உறுதி செய்யணும். விட்டால் குறியீடு முடங்கும். உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை, பணம் கேட்டால் அது வேறு தளம். சந்தேகம் இருந்தால் விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க.

ஆர்டர் போடும்போது இரும்பு வலைக் கையுறையும் சேர்ந்து வருதா என்று பாருங்க. வரலைன்னா தனியாக வாங்கி அதே பெட்டியில் வைத்து அனுப்புங்க.