படம் பிடித்தால் போதுமா? தேடி எடுக்கவும் தெரிய வேண்டாமா?

ஊரை விட்டு ஓடிவந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பையைப் பற்றிய கதை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் படம் இரண்டு. இவை ஒரே பையில் கிடந்த வீட்டுக்காரர் இருட்டிலும் கையை விட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அலுமாரியில் பாதி, பெட்டியில் பாதி என்று வைத்திருந்தவர்கள், எதை விட்டு வந்தோம் என்பதைப் பல நாட்களின் பின்னரே அறிந்தார்கள். காகிதம் வீட்டில் இருந்தது உண்மை. வேண்டிய நேரத்தில் கைக்கு அகப்படவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பாடத்தை நாம் இன்னொரு விடயத்திலும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. பல ஊர்களில் இளைஞர்கள் சேர்ந்து சிறிய கமரா ஒன்றை வைத்துக்கொண்டு விவசாயத்தையும் ஊர் வரலாற்றையும் வீடியோப் படமாக எடுக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் எடுத்த படங்கள் எங்கே இருக்கின்றன? கேட்டவுடன் எடுத்துக் காட்ட முடியுமா?

ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு கிராமத்து இளைஞர் குழு எட்டு நாட்கள், இரண்டு கமராக்களுடன் படம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் ஒரு முதியவர் குளக்கட்டில் நின்று, “அந்த மருத மரத்தில இருந்து இந்த வாய்க்கால் வரைக்கும்தான் எங்கட வயல்” என்று கையை நீட்டிக் காட்டுகிறார். இரண்டு வருடத்தின் பின் அவர் காலமாகிவிடுகிறார். காணி எல்லை பற்றி ஒரு பேச்சு வருகிறது. அந்த இரண்டு நிமிடப் படம் வேண்டும். கணினியைத் திறந்தால் நானூறு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சில எழுத்தும் நான்கு இலக்கமும் மட்டுமே. “மழை பெய்து விட்ட பிறகு எடுத்தது” என்று ஒருவர் சொல்கிறார். “இல்லை, அது மற்றக் கமரா” என்கிறார் இன்னொருவர். இரண்டு இரவு தேடியும் கிடைக்கவில்லை. களவு போகவுமில்லை, தீப்பிடிக்கவுமில்லை. ஆனாலும் படம் இல்லை!

பெரிய இடங்களிலும் நடந்தது

இது ஏழைகளின் குறை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். 1969 ஜூலையில் மனிதன் முதன்முதல் சந்திரனில் கால் வைத்தபோது, அங்கிருந்து வந்த படம் சாதாரண தொலைக்காட்சிக்குப் பொருந்தாத ஒரு முறையில் வந்தது. அதை மாற்றித்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். மாற்றும்போது தெளிவு குறைந்தது. தெளிவான மூலப்படம் காந்த நாடாக்களில் தனியாகப் பதிவாகியிருந்தது. பின்னாளில் அந்த நாடாக்களைப் பல வருடங்கள் தேடினார்கள். அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டு, நாடாத் தட்டுப்பாட்டின்போது வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்காவின் நாசா நிறுவனமே அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களில் மிஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டுதான் பிறகு படத்தைத் திருத்தி எடுத்தார்கள்.

இன்னொரு சம்பவம். 1998இல் பிக்சார் நிறுவனம் ‘ரோய் ஸ்ரோரி 2’ என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ கணினியில் கொடுத்த ஒரே ஓர் அழிக்கும் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண் முன்னாலேயே மறைந்தது. “பிரதி இருக்கிறதே” என்று போய்ப் பார்த்தால், பிரதி எடுக்கும் ஏற்பாடு கொஞ்சக் காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது ஒரு தாயின் வீட்டுக் கணினி. கேலின் சஸ்மன் என்ற அந்தத் தொழில்நுட்ப இயக்குநர், பிள்ளை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்தவர். அவரிடம் சில வாரங்களுக்கு முந்திய பிரதி ஒன்று இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றி, காரில் வைத்து மெதுவாகக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு சம்பவமும் சொல்வது என்ன? ஒரே இடத்தில் உள்ளது பாதுகாப்பாக இல்லை. சோதித்துப் பாராத பிரதி பிரதியே அல்ல. இதை எமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. விதை நெல்லை ஒரே கொம்பறையில் போட்டு வைக்காமல் இரண்டு வீட்டில் பிரித்து வைத்த எமது முன்னோரின் புத்தியை இங்கேயும் பயன்படுத்த வேண்டும்.

கமரா வைக்கும் பெயரை நம்பாதீர்கள்

கமரா தானே பெயர் வைக்கிறது. சில எழுத்து, அதன் பின் நான்கு இலக்கம். 9999 வந்ததும் அநேகமான கமராக்கள் மீண்டும் 0001இல் தொடங்கும். ஒரே வகைக் கமரா இரண்டு இருந்தால் இரண்டிலும் 0045 என்ற துண்டு இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால், “இதற்குப் பதிலாக அதை வைக்கவா?” என்று கணினி கேட்கும். அவசரத்தில் “ஓம்” என்று அழுத்தினால் ஒன்று அழிந்தது. ஆகவே ஒவ்வொரு கமராவுக்கும் தனிக்கூடு, ஒவ்வொரு நாளுக்கும் தனிக்கூடு என்று முதலிலேயே பிரித்து வையுங்கள்.

திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்: 2024-02-11. கணினி பெயரை இடமிருந்து வலமாகத்தான் ஒப்பிடுகிறது. நாளை முதலில் எழுதினால் தை முதலாம் திகதியும் மார்கழி முதலாம் திகதியும் பக்கத்தில் வந்து நிற்கும். வருடத்தை முதலில் எழுதினால் எல்லாம் தானே வரிசைக்கு வரும். 1988இலிருந்து இது உலக நியமமாகவும் இருக்கிறது. அதன் பின் இடம், கமரா இலக்கம், துண்டு இலக்கம். விளக்கத்துக்குத் தமிழில் தருகிறோம்: 2024-02-11_குளக்கட்டு_க1_003. மூன்றை 003 என்றே எழுதுங்கள். வெறும் 3 என்றால் 10க்குப் பின்னால் போய்விடலாம். பழைய மென்பொருள் சில தமிழ் எழுத்தைக் குழப்பும் என்பதால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. விபரத்தைத் தமிழில் கொப்பியில் எழுதலாம்.

பெயர் மாற்றுவதானால் படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு முன்னரே மாற்றுங்கள். எடிற்றிங் மென்பொருள் படத்தைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. அது எங்கே, என்ன பெயரில் இருக்கிறது என்பதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. பாதி வேலையில் பெயரையோ இடத்தையோ மாற்றினால் படம் காணாமற் போய்விட்டதாகச் சொல்லி நின்றுவிடும்.

பொழுதுபட்டதும் செய்யும் வேலை

கமராவின் மணிக்கூடு பிழையென்றால் எல்லாம் பிழை. பற்றரி இறங்கிக் கிடந்த கமரா பழைய திகதிக்குப் போய்விடுவதுண்டு. காலையில் எல்லாக் கமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரே நேரத்துக்குச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு பேட்டியின் தொடக்கத்திலும் ஒருவர் திகதியையும் இடத்தையும் வாயால் சொல்லட்டும். செலவில்லாத வேலை. இருபது வருடத்தின் பின் கேட்பவருக்கும் விளங்கும்.

மாலையில் மெமரி காட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே பிரதி பண்ணுங்கள். படத்துண்டுகளை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டாம். சில கமராக்கள் துணை விபரங்களை வேறு கூடுகளில் வைக்கும். நீண்ட பேட்டியைப் பல துண்டாக உடைத்து எழுதும் கமராக்களும் உண்டு. ஒரு துண்டு தவறினால் பேச்சு நடுவில் அறும். பிரதி முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். முதலாவது, நடுவிலுள்ளது, கடைசி மூன்றையும் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு இடத்தில் பிரதி இருப்பது உறுதியான பின்னரே காட்டைத் துடைக்கலாம். அதையும் கமராவில் வைத்தே துடையுங்கள்.

கொப்பி ஒன்று வேண்டும்

கணினிக்குப் படத்தினுள்ளே இருப்பது தெரியாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இப்போது உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் அது அடிக்கடி தடுமாறும். ஆகவே பாடசாலைக் கொப்பி ஒன்றில் நிரல் பிரித்து எழுதுங்கள்: துண்டின் பெயர், திகதி, இடம், பேசுபவர், பேசும் விடயம், முக்கியமான பேச்சு எத்தனையாவது நிமிடம், சம்மதம் பெற்றதா. அன்றன்றே எழுத வேண்டும். பத்து நாள் கழிந்தால் நினைவு கலங்கிவிடும். பிறகு அதையே கணினியில் அட்டவணையாக அடித்துவிட்டால், “குளக்கட்டு” என்று தேடியதும் மேலே சொன்ன முதியவர் ஒரு நிமிடத்தில் கிடைப்பார்.

இங்கே இரண்டு இடையூறுகள். முதலாவது, சொல். ஒருவர் “மிளகாய்” என்று எழுதுவார், மற்றவர் “கொச்சிக்காய்” என்று எழுதுவார். கணினி எழுத்தைத்தான் தேடும், பொருளைத் தேடாது. ஆகவே குழுவாக இருந்து ஐம்பது, அறுபது சொற்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்று நெல்லின் பெயரை எழுதும்போது பக்கத்தில் “நெல்” என்பதையும் எழுதுங்கள். ஊர்ப் பெயருடன் கிராம அலுவலர் பிரிவையும் எழுதுங்கள்.

இரண்டாவது, எழுத்துரு. எங்கள் பகுதிகளில் பலர் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள். அது பார்ப்பதற்குத் தமிழ். உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்து. யுனிகோட் தமிழில் “கிணறு” என்று தேடினால் பாமினியில் அடித்த கிணறு அகப்படாது. அட்டவணையை யுனிகோடிலேயே அடியுங்கள். பழையவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

மூன்று பிரதி, இரண்டு வகை, ஒன்று வெளியில்

பீற்றர் குரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி இது. எதற்கும் மூன்று பிரதி இருக்கட்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவரின் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொன்று. வெள்ளம் வந்தாலும் ஓட நேர்ந்தாலும் ஒன்று மிஞ்சும்.

செலவை முதலிலேயே கணக்குப் பாருங்கள். செக்கனுக்கு 24 மெகாபிற் வேகத்தில் எழுதும் கமரா ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 11 ஜீ.பி. இடம் பிடிக்கும். இரண்டு கமரா, நாளுக்கு இரண்டு மணித்தியாலம், எட்டு நாள் என்றால் 32 மணித்தியாலம், சுமார் 350 ஜீ.பி. மூன்று பிரதிக்கு ஆயிரத்துக்கு மேல். கமராவுக்குப் பணம் சேர்க்கும்போதே வன்தட்டுக்கும் சேருங்கள். வன்தட்டும் என்றைக்கும் வாழாது. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுவது நல்லது. வருடத்துக்கு ஒருமுறை பிரதியைத் திறந்து பாருங்கள். முளைக்குமா என்று பாராமல் விதை நெல்லை விதைப்போமா?

வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பத்திரம் என்று எண்ண வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் வீடியோவை அது சுருக்கிவிடுகிறது. தெளிவு போகும், எடுத்த நேரம் முதலான விபரங்களும் போகலாம். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலம் அப்படியே போகும்.

முகம் யாருடையது?

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. எங்கள் மக்கள் கமராவின் முன் சொல்லும் எல்லாமே ஊருக்குக் காட்டுவதற்கல்ல. ஒரு தாய் மகனைப் பற்றிச் சொன்னதை எட்டு வருடத்தின் பின் கொப்பியைப் பார்க்காத ஒருவர் எடுத்துப் பகிர்ந்தால் என்ன நடக்கும்? ஒழுங்கு என்பது தேடி எடுப்பதற்கு மட்டுமல்ல, வெளியே போகக்கூடாததைத் தடுப்பதற்கும்தான். “காட்டலாம்”, “கேட்டுக் காட்டவும்”, “காட்டக்கூடாது” என்று மூன்று கூடுகள் வைத்திருங்கள். மூன்றாவதில் உள்ளவற்றின் கோப்புப் பெயரில் ஆளின் பெயரை எழுதாதீர்கள். இலக்கம் மட்டும் போதும். அந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் பொறுப்பான ஒருவரிடம் வேறாக இருக்கட்டும். சம்மதம் தந்தவர் மனம் மாறினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கும் கொடுங்கள். அது அவர்களுடைய வாழ்க்கை.

பெரிய படக்குழுக்களில் இந்த வேலைக்கென்றே ஓர் ஆள் இருப்பார். உங்கள் குழுவிலும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கமரா பிடிப்பவருக்குக் கிடைக்கும் பெயர் அவருக்குக் கிடைக்காது. ஆனால் அடுத்த தலைமுறை “எங்கட வயல் எங்கே இருந்தது?” என்று கேட்கும்போது பதில் எடுத்துக் கொடுக்கப்போகிறவர் அவர்தான்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு:

1. எமது ஊரைப் பற்றி எடுத்த படங்களும் வீடியோக்களும் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன?

2. அவற்றில் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவை எவை?

3. இந்த மாதமே பேட்டி எடுக்க வேண்டிய முதியவர்கள் யார்? கொப்பியை யார் எழுதுவது?